95 சைஸ் தண்ணீர்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் குழாய் நிற்கிறது. அதன் உச்சியில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. மழை புகாமலிருக்க மூடியின் விளிம்பு முழுக்கப் பசை தடவியிருக்கும். மேலே விரல் நீளத்துக்கு ஒரு ஆன்டெனா. உள்ளே ஒரு பேட்டரி, ஒரு சின்ன ரேடியோ, எப்போதாவது மின்னும் ஒரு பச்சை விளக்கு. சிம் கார்டு கிடையாது, டவர் கிடையாது, மாதக் கட்டணம் கிடையாது. ஊரில் எல்லா போனும் செத்துக் கிடந்த ஒரு மத்தியானம், நொய்யல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த என் அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் இருந்தது இந்தப் பெட்டி ஒன்றுதான்.

அதற்கு முந்தின வருடத்து மழையில் எங்கள் பக்கம் இரண்டு நாள் கரண்ட் இல்லை. முதல் நாள் சாயங்காலமே டவர்களும் அடங்கிவிட்டன. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று இந்தப் பக்கம் யாருக்கும் தெரியவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு, கோவையில் படித்துக்கொண்டிருந்த நான்கு மாணவர்கள் ஐந்து பெட்டிகளோடு வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் முருகன் கோயில் மண்டபத்தில் எல்லாரையும் உட்காரவைத்துக் காட்டினார்கள். இதை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தபோது எங்கள் வீதியே என்னைக் கைகாட்டியது. நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசல் மிதித்த முதல் ஆள். அந்த ஞாயிற்றுக்கிழமை என் முதுகு வழக்கத்தைவிடக் கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. அதை மறைப்பானேன்.

பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று விளக்க வேண்டியிருந்தது. அந்த மாணவர்கள் சொன்னது யாருக்கும் பிடிபடவில்லை. நான் எழுந்து, இது ஜாப் ஒர்க் மாதிரி என்றேன். நூல் நிட்டிங்குக்குப் போகிறது, அங்கிருந்து சாயத்துக்கு, அப்புறம் காம்பாக்டிங், கட்டிங், தையல். ஒருத்தர் தன் வேலையை முடித்து அடுத்தவர் வாசலில் இறக்குகிறார். கடைசியில் பனியனைப் போடுகிறவனை நடுவில் இருக்கும் யாரும் பார்த்ததே இல்லை. இந்தப் பெட்டியும் அப்படித்தான். தன் காதில் விழுந்ததைத் திரும்பச் சொல்லும். பக்கத்துப் பெட்டி அதைக் கேட்டுத் தானும் சொல்லும். இப்படியே ஒரு சேதி ஊர் தாண்டிப் போய்விடும். நமக்கு வேண்டியதெல்லாம் போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து எழுதுவதுதான்.

சொல்லும்போது எனக்கே முழு நம்பிக்கை இல்லை. அன்று மத்தியானம் அந்த மாணவர்களில் ஒருவர் வண்டியில் ஒரு பெட்டியோடு ஊத்துக்குளிப் பக்கம் மேட்டுக்குப் போனார். நாங்கள் எல்லாரும் போன்களில் நெட்வொர்க்கை அணைத்துவிட்டு மாடியில் நின்றோம். பச்சை விளக்கு ஒரு தடவை மின்னியது. என் போனில் வந்தது: ‘டீ குடிச்சாச்சா?’

கல்லூரியில் அலைகளைப் பற்றி ஆறு பருவம் படித்திருக்கிறேன். சூத்திரம் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் அலை என்ற ஒன்று நிஜமாகவே இருக்கிறது என்று அன்றுதான் நம்பினேன் என்று நினைக்கிறேன். அண்ணாந்து பார்த்தேன். வழக்கமான வெளிறிய வானம், சாயப் பட்டறைப் புகைபோக்கிகள், ஒரு பருந்து. இதற்குள்ளாகத்தான் அந்த ஆள் டீயைப் பற்றிக் கேட்டது வந்திருக்கிறது. கையை நீட்டினால் பிடிபடுமோ என்று ஒரு நொடி தோன்றியது. சின்னப்பிள்ளைத்தனம்தான்.

ஐந்து பெட்டிகளையும் வைத்தோம். ஆற்றோடு மேற்கே, சுமார் மூன்று கிலோமீட்டர் மேலே, ஒரு சாயப் பட்டறையில் ஒன்று. நடுவில், துணியை அழுத்திச் சீராக்கும் ஒரு காம்பாக்டிங் மில்லின் கூரையில் ஒன்று. எங்கள் மாடியில் ஒன்று. வடக்கத்தித் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் லைன் வீடுகளில் ஒன்று. ஐந்தாவது, தரைப்பாலத்தைத் தாண்டி அக்கரையில் அம்மா வேலை செய்யும் கம்பெனியில். அம்மா அங்கே செக்கிங். எங்கள் மாடிப் பெட்டி இல்லாவிட்டால் மேலே பட்டறையிலிருந்து வருகிற எதுவும் அம்மாவின் கம்பெனிக்குப் போய்ச் சேராது. இடையில் வேறு பெட்டி இல்லை.

மேலே பட்டறையில் பெட்டிக்குப் பொறுப்பு அங்கிருந்த வாட்ச்மேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். முன்பு உள்ளூர் பனியன் கம்பெனிகளில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். ஆறு அவர் பட்டறையின் பின்சுவரைத் தொட்டுக்கொண்டு போகிறது. தண்ணீர் ஏறினால் முதலில் பார்ப்பவர் அவர்தான். அவர் பார்த்து முக்கால் மணி நேரத்தில் அது எங்கள் தரைப்பாலத்துக்கு வந்துவிடும். இங்கே ஒரு தூறல்கூட இல்லாத நாளில், மேற்கே மலையில் பெய்த மழை அப்படித்தான் சொல்லாமல் வந்து நிற்கும். அதனால் ஐந்து பெட்டியில் அவருடைய பெட்டிதான் முக்கியம்.

அவருடைய முதல் சோதனைச் சேதி இப்படி வந்தது: ‘வணக்கமுங்க கண்ணு. நல்லா இருக்கீங்களாங்க. அம்மா நல்லா இருக்காங்களாங்க. ஆத்’

அதோடு சரி. மறுபடி அனுப்பச் சொன்னேன். மறுபடியும் ‘ஆத்’ என்ற இடத்தில் நின்றது. ஒரு சேதிக்கு இவ்வளவுதான் இடம் என்று ஒரு அளவு உண்டு. ஆங்கில எழுத்துக்கு ஒரு இடம் என்றால் தமிழுக்கு மூன்று. மெய்யின் புள்ளிக்கும் தனியாக மூன்று. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ‘ங்க’ மட்டும் ஒன்பது ஆங்கில எழுத்தின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. நலம் விசாரித்து முடிப்பதற்குள் இடம் தீர்ந்து, ஆற்றைப் பற்றிச் சொல்ல வந்தது வெளியே நின்றுவிட்டது. அவரோ போனைப் பார்க்காமல் விரலைப் பார்த்தே தட்டுகிறவர். கடைசி வரி ஏறவில்லை என்பதே தெரியாமல் அனுப்பிவிட்டு, நிம்மதியாகப் பீடி பற்றவைத்திருக்கிறார்.

வணக்கமெல்லாம் வேண்டாம், விஷயத்தை மட்டும் எழுதுங்க என்று நேரில் போய்ச் சொன்னேன். தலையாட்டினார். அடுத்த சேதியில் வணக்கம் இல்லை. ‘வணக்கம் வேண்டாம்னு சொன்னீங்க, கோவிச்சுக்காதீங்க’ என்று ஆரம்பித்திருந்தார்.

இதை அம்மாவின் கம்பெனியில் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவுக்கு அங்கே ஒரு கூட்டாளி, திருநெல்வேலிப் பக்கத்து அக்கா. மடிப்பு மேசையில் நிற்பவர். கையிலிருந்த டீ சர்ட்டை மடித்துக்கொண்டே, “தண்ணி எம்புட்டுன்னு தெரியணும், அவ்ளவுதான? சைஸச் சொல்லிட்டுப் போவச் சொல்லுட்டி” என்றார்.

வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரியாதவர் உண்டு, இந்தி மட்டும் தெரிந்தவர் உண்டு, எதுவுமே படிக்கத் தெரியாத என் அம்மா உண்டு. S, M, L, XL தெரியாதவர் ஒருவர்கூட இல்லை.

அன்றே முடிவாயிற்று. S என்றால் பயப்பட ஒன்றுமில்லை, வேலையைப் பாருங்கள். M என்றால் இன்னும் நேரம் இருக்கிறது, மெஷினை நிறுத்திவிட்டு உடனே பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வாருங்கள். L அல்லது XL என்றால் பாலத்தில் கால் வைக்காதீர்கள், மாடிக்கு ஏறிவிடுங்கள். வாட்ச்மேன் பின்சுவரில் நான்கு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கோடும் எந்த உயரத்தில் என்று நானே ஒரு தாளில் அளவு எழுதிக் கொடுத்தனுப்பினேன். M கோடு சுவரின் அடியிலிருந்து ஒரு மீட்டர். அவர் பெயின்ட் அடித்தாயிற்று என்று சொல்லியனுப்பினார். நான் போய்ப் பார்க்கவில்லை. கோடு போடுவதைப் போய் என்ன பார்ப்பது என்று இருந்துவிட்டேன்.

அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். ஐப்பசி முடியும் நேரம். முந்தின நாளிலிருந்தே கரண்ட் இல்லை. காலை பத்து மணிக்கு என் போனில் டவர் கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கிக் காணாமல் போயின. எங்கள் எக்ஸ்போர்ட் ஆபீஸில் லீவு விட்டுவிட்டார்கள். அம்மாவின் கம்பெனியில் ஜெனரேட்டர் உண்டு. ஷிப்மென்ட் நாள் என்பதால் பதினோரு பெண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். நான் மாடியில் பெட்டிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். போன் பெட்டியை விட்டு இருபதடி தள்ளினாலே தொடர்பு அறுந்துவிடும்.

இரண்டு மணி வாக்கில் பச்சை விளக்கு மின்னியது. ‘வணக்கமுங்க கண்ணு. நல்லா இருக்கீங்களாங்க. அம்மா நல்லா இருக்காங்களாங்க. ஆத்’

பதற்றத்தில் மனுஷன் பழைய மரியாதைக்கே போய்விட்டார். நான் ‘SIZE?’ என்று தட்டினேன்.

பிறகு ‘95’ என்று வந்தது.

எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. எழுத்தில் சொல்லாமல் அளந்தே சொல்லிவிட்டாரே, தொண்ணூற்றைந்து சென்டிமீட்டர். M கோடு நூறு சென்டிமீட்டரில். இன்னும் ஐந்து ஏறினால் M. அதாவது கிளம்ப நேரம் சரி. மனக்கணக்கு இவ்வளவு வேகமாக வந்ததில் ஒரு பெருமிதத்தோடு எல்லாருக்கும் ‘M’ என்று அனுப்பினேன். இந்நேரம் அம்மா மேசையை விட்டு எழுந்திருப்பாள், டிபன் கேரியரை எடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தூறல் விழுந்தது. கொடியில் காய்ந்த துணிகளை எடுத்தேன். அப்பாவின் பனியனை மடிக்கும்போது கழுத்துப் பட்டியின் உட்புறம் கண்ணில் பட்டது. அச்சடித்த சின்ன லேபிள். 95.

காதர்பேட்டைக் கடைகளில் விற்கிற உள்ளூர் பனியனுக்கு S, M கிடையாது. எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு, தொண்ணூற்றைந்து. எண்பது என்றால் S. எண்பத்தைந்து M. நாற்பது வருடம் உள்ளூர் பனியன் வெட்டிய மனுஷருக்குத் தண்ணீரின் சைஸ் அப்படித்தான் வரும். எக்ஸ்போர்ட் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் அது மறந்துபோயிருந்தது. அவர் சொன்னது XL. நான் சொன்னது, பாலத்தைத் தாண்டி வாருங்கள்.

அவசரத்தில் இரண்டு தடவை தப்பாகத் தட்டினேன். பிறகு ‘XL’ என்று மூன்று தடவை அனுப்பினேன். போனதற்கான குறி வந்தது. ஆனால் ஏதோ ஒரு பெட்டி கேட்டது என்பதற்கு மட்டுமே அந்தக் குறி சாட்சி. அம்மா பார்த்தாளா, பார்க்கும் முன்பே கிளம்பிவிட்டாளா என்று அது சொல்லாது.

பாலம் எங்கள் மாடியிலிருந்து தெரியாது. நடுவில் ஒரு மில் சுவர். ஓடினால் ஐந்து நிமிடம். படி வரை போனேன். போனால் போனும் பெட்டியும் பிரிந்துவிடும், அம்மா ஏதாவது சொன்னால் எனக்குத் தெரியாது. பெட்டியையே கழற்றிக்கொண்டு ஓடலாம் என்றால், பட்டறைக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருக்கும் ஒரே வழி அறுந்துபோகும். வாட்ச்மேன் அடுத்து அனுப்புவது எதுவும் அக்கரைக்குப் போகாது. திரும்பி வந்து குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே வீதியில் போன ஒருவரைக் கூப்பிட்டு, பாலத்துக்கு ஓடிப்போய் யாரையும் இறங்கவிடாதீங்க என்று கெஞ்சினேன். அவர் ஓடினார்.

அப்போது பெட்டி மின்னத் தொடங்கியது. லைன் வீடுகளிலிருந்து ‘XL’. அவர்கள் பார்த்துவிட்டார்கள், திரும்பச் சொல்கிறார்கள். பட்டறையிலிருந்து மறுபடி ‘95’. அவற்றை என் தலைக்கு மேலிருந்த பெட்டி வாங்கி வாங்கி அக்கரைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் எதுவும் செய்யவில்லை. யாரும் எதுவும் சொல்லாமலே அது தன் வேலையைச் செய்தது. மழையில் நனைந்துகொண்டு அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்தேன். கோயிலில் தீபம் காட்டும்போது கண்ணை எடுக்க முடியாதே, அப்படி. மில் சுவருக்கு அப்பால் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. நூறு தறி ஒன்றாக ஓடுவதுபோல. ஆறு பாலத்தின் மேல் ஏறிவிட்டது.

அம்மாவிடமிருந்து ஒன்றும் இல்லை. அம்மா அதுவரை ஒரு சேதியும் எழுதியதில்லை. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவாள், இந்தப் பெட்டியிலோ குரல் போகாது. எழுதச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று பல தடவை சொல்லியிருக்கிறேன். “எனக்கெதுக்குக் கண்ணு, நீயிருக்கற இல்ல” என்பாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. விளக்கு மின்னியது. அம்மாவின் பெட்டி.

‘10 OK 1 ALT’

ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன்.

செக்கிங் மேசையில் மூன்று கூடைகள் இருக்கும். சரியான பீஸ் OK என்று எழுதிய கூடைக்கு. தையல் பிரிந்தது, பட்டன் காஜா தவறியது போலச் சரிசெய்யக்கூடிய சின்னக் குறை இருந்தால் ALT, அதாவது ஆல்டர். உதவவே உதவாதது REJ. இருபது வருடமாக நாள் முழுக்க அந்த மூன்று எழுத்துக் கூட்டங்களின் உருவத்தைப் பார்த்தே பிரித்துப் போடுகிறவள் அம்மா. சைஸ் எழுத்துகளை விட்டால் அவளுக்குத் தெரிந்த எழுத்து அவ்வளவுதான். பதினோரு பெண்களையும் எண்ணி, பார்த்து, பிரித்து எழுதியிருக்கிறாள். பத்துப் பேருக்கு ஒன்றுமில்லை. ஒருத்திக்கு ஏதோ ஆகியிருக்கிறது, சரியாகிவிடும். REJ இல்லை.

அந்த ஒருத்தி யார் என்று கேட்க விரல் போனது. கேட்கவில்லை. பெயர் எழுத அம்மாவுக்குத் தெரியாது. ‘OK’ என்று மட்டும் அனுப்பினேன். சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து சுற்று வழியில் வந்து சேர்ந்தார். போனை நீட்டி, இன்னது என்று படித்துக் காட்டினேன். வாங்கி வெகுநேரம் பார்த்தார். அவருக்கு எண்களும் சைஸ் எழுத்துகளும் மட்டும்தான் தெரியும். “இதைய அவளா எழுதுனா?” என்று கேட்டார். ஆமாங்கப்பா என்றேன். மறுபடியும் பார்த்தார்.

மறுநாள் காலை தண்ணீர் பாலத்துக்குக் கீழே இறங்கியதும் அப்பாவும் நானும் சேற்றில் நடந்து அக்கரைக்குப் போனோம். அம்மா கம்பெனியின் இரண்டாவது மாடியில், கட்டிங் பண்டல் ஒன்றின் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது. வேஸ்ட் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். எல்லாரையும் மேலே ஏற்றிவிட்டுக் கடைசியாக ஏறும்போது ஈரப் படியில் வழுக்கிவிட்டதாம். அந்த ஆல்டர் பீஸ் அவள்தான்.

திருநெல்வேலி அக்கா என்னைப் பார்த்ததும் தயாராக இருந்தார். “வாட்டி படிச்ச புள்ள. எங்க பதினோரு பேரையும் ஆத்துல எறக்கிவிடப் பாத்தியே.”

நான் அம்மாவின் காலருகே உட்கார்ந்தேன். அம்மாவிடம் மட்டும் கேட்டேன், நான் M என்று அனுப்பியதைப் பார்த்தாயா என்று.

“பாத்தேன். அதுக்கு மேல அந்தண்ணன் 95-னு போட்டிருந்தாங்க. உன்னைய வயித்துல வெச்சுட்டு நான் 95 பனியன்லதான கண்ணு பிசுறு நூல் வெட்டுனேன்? ரெண்டு பேரும் ரெண்டு சைஸ் சொல்றீங்க. பெருசையே எடுத்துக்கிட்டேன்.”

“ஏம்மா?”

“பெருசா இருந்தா புடிச்சுத் தெச்சுக்கலாம். சின்னதா இருந்தா என்ன பண்றது?”

சொல்லிவிட்டு அப்பாவிடம் வீட்டில் பால் காய்ச்சினீர்களா என்று கேட்கப் போய்விட்டாள். அவளுக்கு அது அவ்வளவுதான். எனக்கு அவ்வளவாக இல்லை. கிளம்பும் முன் அங்கிருந்த பெட்டியை எட்டிப் பார்த்தேன், எங்கள் மாடியில் இருப்பதே போன்ற சோப்பு டப்பா. எழுதத் தெரியாத ஒருத்தி அதனிடம் ஐந்து எழுத்தும் இரண்டு எண்ணும் கொடுத்தாள். அது ஒரு ஆற்றைத் தாண்டி, ஒரு துளிகூட நனையாமல் என் கைக்குக் கொண்டுவந்து கொடுத்தது. எந்த வகுப்பிலும் யாரும் இதை எனக்குச் சொல்லவில்லை.

அந்த வாரமே பட்டறைக்குப் போனேன். பின்சுவரில் நான் கொடுத்த அளவுப்படியே, ஒரு நூல் பிசகாமல் நான்கு கோடுகள். பக்கத்தில் கட்டிங் மாஸ்டரின் அழகான கையெழுத்தில் 80, 85, 90, 95. மேல் கோட்டுக்கு மேலேயும் சேறு படிந்திருந்தது. வாட்ச்மேன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தப்புங்களா கண்ணு?”

“இல்லீங்க. நான்தான் முன்னாடியே வந்து பாத்திருக்கோணும்.”

அவர் பெயின்ட் டப்பாவை எடுத்துவந்தார். எண்களுக்குப் பக்கத்தில் S, M, L, XL என்று நான் எழுதினேன். என் L கோணலாகிவிட்டது. அவர் துணியால் துடைத்து நேராக்கினார். விஷயத்தை முதலில் எழுதுங்க, மரியாதையெல்லாம் பின்னாடி வரட்டும் என்று கேட்டுக்கொண்டேன். அது அவருக்குப் புரிந்தது.

இப்போது தினமும் காலை ஏழு மணிக்குப் பெட்டிகள் சரியாக இருக்கின்றனவா என்று ஒரு சோதனை. ஆற்றில் முழங்கால் தண்ணீர்கூட இல்லாத நாளிலும் பட்டறையிலிருந்து வந்துவிடும்: ‘80ங்க’. அந்த ‘ங்க’வுக்கு ஒன்பது இடம் வீணாகிறது. நான் சொல்லவில்லை, இடம் நிறையவே இருக்கிறது. காம்பாக்டிங் மில் அதை வாங்கி எங்கள் மாடிக்குத் தரும், மாடி அக்கரைக்குத் தரும். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து அம்மாவின் பதில் எங்கள் எல்லாருக்கும் வரும்.

‘11 OK’